பாடம் பதினொன்று

விண்ணப்பத்தில் தாய்மொழிக்கு ஒரே ஒரு கட்டம்.
வீட்டில் பேசுவது கன்னடம்.
அதன் எழுத்தில் எனக்குத் தெரிந்தது
பெங்களூர் பஸ்ஸின் பெயர்ப்பலகை மட்டும்.
திட்டுவதும் கணக்குப் போடுவதும் தமிழில்.
தமிழ் என்று தட்டினேன்.

கீழே அட்டவணை: வாசிக்க, எழுத, பேச, புரிந்துகொள்ள.
தெலுங்கு, பேச, புரிய.
உருது, பாலக்கோடு மண்டியில் தக்காளி விலை கேட்க.
அதற்குக் கட்டம் இல்லை.
அவர்கள் கேட்கிற ஆறு மொழியில்
ஆங்கிலம் மட்டும் எப்போதாவது எங்கள் ஊர்ப் பக்கம் வரும்,
ஜீப்பை விட்டு இறங்காது.

நான் தண்ணீர் பார்க்கிறவள்.
தருமபுரி நான்கு ரோட்டுக்குப் பின்னால், இரண்டாம் மாடி ஆய்வகம்.
போர் தண்ணீரில் சிவப்புச் சாயம் விடுவேன்.
வெளுக்க வெளுக்க ஃப்ளோரைடு அதிகம்.
எட்டு வருடத்தில் சிவப்பில் பதினேழு வகை கண்டுவிட்டேன்,
எந்த மொழியிலும் அவற்றுக்குப் பெயர் தெரியாது.

ஜெனீவாவில் இதே வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள்.
பிரெஞ்சு தெரிந்தால் நல்லதாம்.
தேர்வாணையத்துக்கு மூன்று முறை எழுதியவளுக்கு
அந்த 'நல்லது' எந்தக் கட்டாயம் என்று தெரியாதா?

விடியற்காலை நாலரைக்கு ஹெட்செட்.
உதட்டை ஊ என்று குவித்துக்கொண்டு
உள்ளே ஈ சொல்ல வேண்டும்.
ஒரே நாளில் வந்துவிட்டது.
பழுப்புக் கோடு விழுந்த பல் வெளியே தெரியாமல்
முப்பது வருடம் சிரித்துப் பழகிய வாய்.
"பூனையை ஏன்டி கொல்றே?" என்றாள்
விடுதி அறையில் மாதம்மாள், இரவுப் பணி முடித்து வந்த நர்ஸ்.

நேர்காணல் மதியம் ஒன்றரைக்கு.
அன்றைக்கென்று மாதாந்திர மின் பராமரிப்பு.
இம்தாதின் செல்போன் கடையில் இன்வெர்ட்டர் உண்டு.
திரையில் மூன்று பேர். "மதாம் சோதெஸ்..." என்று ஒருவர் தடுக்கி நின்றார்.
சௌடேஸ்வரி, என்று முடித்துக் கொடுத்தேன்.

நாற்பது நிமிடம் ஆங்கிலம்.
பிறகு நடுவிலிருந்த அம்மாள் பிரெஞ்சுக்கு மாறினார்:
கெட்ட தண்ணீரை விட மறுத்த ஊரில் என்ன செய்தீர்கள்?

இறந்தகாலம் பாடம் பதினொன்று.
நான் ஒன்பதில் இருந்தேன்.
இருப்பதை வைத்துச் சொன்னேன்.

பென்னாகரம் பக்கம் ஒரு ஊர் இருக்கிறது.
ஒரு கைபம்பு இருக்கிறது.
நான் அதற்குச் சிவப்புப் பெயிண்ட் அடிக்கிறேன்.
மக்கள் குடிக்கிறார்கள். தண்ணீர் இனிக்கிறது.
ஒரு பையன் நடக்கிறான். அவன் முழங்கால் வளைகிறது.
அங்கே என் அப்பா இருக்கிறார்.
அவருக்குக் கழுத்து திரும்பாது.
கூப்பிட்டால் உடம்போடு திரும்புகிறார்.
எல்லோரும் பார்க்க, எங்கள் வீட்டுக் குடத்தை
முதலில் அவர் கவிழ்க்கிறார்.
அப்புறம் இன்னொருவர் கவிழ்க்கிறார்.

செத்து ஆறு வருடம் ஆனவர்,
டெம்பர் கிளாஸ் அட்டைகளுக்கும் சார்ஜர் வயர்களுக்கும் நடுவே
காலிக் குடத்தோடு வந்து நின்றார்.
அழுவதற்கு வினைச்சொல் தெரியும்.
பயன்படுத்தவில்லை.

"உங்கள் அப்பா இப்போதும் அந்த ஊரில்தானா?"
ஆம், என்றேன்.
ஒரே அசை. உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.

முடிவு இன்னும் வரவில்லை.
மாதம்மாள் தினமும் கேட்கிறாள்.
இன்று பாடம் பதினொன்று.
பெரும்பாலான வினைகளுக்கு வேறு துணை,
போ, வா, பிற, தங்கு, இற,
இப்படிச் சிலவற்றுக்கு மட்டும் 'இரு' துணைக்கு வருமாம்.
நமக்கும்தான். வந்திருக்கிறார். போயிருக்கிறார்.
கடைசி வினையை நோட்டில் எழுதிப் பார்த்தேன்,
அதிலும் பாதி 'இருக்கிறார்'.

எட்டு மணிக்கு அரூரிலிருந்து பாட்டில்கள் வந்தன.
முப்பத்திரண்டு.
நான்கில் மூடி சரியில்லை, திருப்பி அனுப்ப வேண்டும்.